எறும்புக்கு முன் ஈரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

மாரி நெருங்கும்போதெல்லாம் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் ஒரே வகை விளம்பரம் பெருகத் தொடங்கிவிடுகிறது. எறும்பு, கறையான், கரப்பான் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, ஒரே நாளில் வேலை முடியும், பல வருட உத்தரவாதம் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். நான் இணுவிலில் பட்டறை வைத்திருக்கும் தச்சுத் தொழிலாளி. அப்பா பூட்டிய கதவு நிலைகளை நானே கழற்றிப் பார்க்கும் அளவுக்குத் தொழிலில் காலம் போய்விட்டது. அந்த விளம்பரங்களை நம்பிப் பணம் கொடுத்தவர்கள், மருந்து வேலை செய்யாத பிறகு என்னைப் போன்றவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த வகையில் சில விஷயங்களைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

கோப்பாயில் ஒரு வீடு. ஓட்டுக் கூரை, முதிரை மர நிலைகள், நல்ல விறாந்தை. பிள்ளைகள் வெளிநாட்டில், தாயார் தனியே இருக்கிறார். குளியலறைக் கதவு நிலையிலிருந்து இரவில் பெரிய கட்டெறும்புகள் வரிசையாக இறங்கிக் குசினிக்குப் போய்வந்திருக்கின்றன. காலையில் நிலையின் அடியில் ஒரு கைப்பிடி மரத்தூள் கிடக்குமாம். மகன் லண்டனில் இருந்தபடியே ஒரு நிறுவனத்தை ஒழுங்குசெய்தார். வந்தவர்கள் 'கறையான்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு, வீட்டைச் சுற்றி நிலத்தில் துளை போட்டு மருந்தை இறக்கினார்கள். நிலைக்கு மேலாலும் விசிறினார்கள். கிணறு அந்தச் சுவரிலிருந்து நாலு எட்டு வைத்தால் வந்துவிடும். சில கிழமை எறும்பைக் காணவில்லை. பிறகு பக்கத்து அறை யன்னலில் கிளம்பியது.

"தம்பி, இவ்வளவு காசு கொடுத்தும் போகவில்லை. நிலையையே மாற்றத்தான் வேண்டுமோ?" என்று கேட்டார்.

"பொறுங்கள் அக்கா, முதலில் மரத்தைப் பார்ப்போம்" என்றேன்.

உளியின் பிடியால் நிலையை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டு வந்தேன். இடுப்பளவில் கணீர் என்று பேசிய மரம் முழங்காலுக்குக் கீழே மொத்தென்றது. ஸ்குரூ டிரைவரின் நுனியை வைத்து அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. வெளியில் இருந்தது பெயின்ற் மட்டும்தான். அந்தத் துண்டை வெட்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உள்ளே அறை அறையாகக் குடைந்திருந்தது. மரத்தின் வளர்ச்சி ரேகைகளில் மென்மையான பகுதியை எடுத்துவிட்டு, கடினமான பகுதியை மெல்லிய தகடுகளாக நிற்கவிட்டிருந்தன. அந்தத் தகடுகளில் விரலை ஓட்டினால் சிராய் ஏறவில்லை. சீவுளி பிடித்து மணற்கடதாசி போட்டாலும் எனக்கு அப்படி வராது. மண் ஒரு துளிகூட இல்லை. கறையான் குடைந்த மரத்தில் மண் அப்பியிருக்கும். மண் இல்லாத, சுத்தமான, வழுவழுப்பான குடைவு எறும்பின் வேலை. கீழே விழுந்திருந்த தூளையும் கையில் எடுத்துப் பார்த்தேன். வாள் அறுத்த தூளைப்போல ஒரே சீராக இல்லை. சிறு சிறு சிராய்கள், இடையிடையே எறும்பின் கால், செத்த பூச்சியின் இறக்கைத் துண்டு. எறும்பு வீடு கூட்டித் தள்ளிய குப்பை அது.

ஆனால் இந்த எறும்பு முதிரையின் வைரத்தை, அந்தக் கடினமான உள்மரத்தை, தொடவில்லை. அந்த நிலையின் கால்புறத்தில் வைரம் பாயாத வெள்ளைப் பகுதி கொஞ்சம் சேர்ந்திருந்தது. அது ஊறி ஊறி இற்றுப்போயிருந்தது. ஏன் ஊறியது? சுவருக்குள்ளே போகும் குழாயின் பொருத்து ஒன்று துளித்துளியாகக் கசிந்துகொண்டிருந்தது. மேசனைக் கூப்பிட்டுச் சுவரைக் கொத்தி, பொருத்தை மாற்றி, ஈரம் நன்றாகக் காயும்வரை திறந்தே விடச் சொன்னேன். அதன் பிறகு நிலையின் அழுகிய காலை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, பழைய முதிரைத் துண்டு ஒன்றை ஒட்டுப்போட்டுப் பூட்டினேன். நிலை முழுவதையும் மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை. மருந்துக்காரருக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்குகூட இந்த வேலைக்கு ஆகவில்லை.

இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது இதுதான். வீட்டு மரத்தில் எறும்பு குடியிருந்தால் மருந்துக் கடைக்குப் போக முன் தண்ணீரைத் தேடுங்கள். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையை எல்லோரும் அறிவோம். இங்கே குழி தோண்டுவது தண்ணீர். கறையானும் சில வேளை தோண்டிக் கொடுக்கும். குடிபுகுவது எறும்பு. குடிவந்தவனைத் துரத்திவிட்டுக் குழியை அப்படியே விட்டால் அடுத்த மாரிக்கு வேறொரு கூட்டம் வரும்.

இந்த எறும்பைப் பற்றிச் சில உண்மைகள் தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். தச்செறும்பு என்று சொல்லப்படுபவை கம்போனோட்டஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. உலகம் முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. நம் வளவில் மாமரத்தில் ஏறி இறங்கும் பெரிய கறுப்புக் கட்டெறும்பும் அந்தச் சாதிதான். இவை மரத்தைத் தின்பதில்லை. மரத்தைத் தின்று சீரணிப்பது கறையான். எறும்பு இருக்க இடம் வேண்டுமென்று குடைகிறது. குடைந்த தூளை வெளியே கொண்டுவந்து கொட்டுகிறது. சாப்பாட்டுக்கு அது வெளியே போகிறது. சீனி, பனங்கட்டி, செத்த பூச்சி, மீன் துண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகச் செடிகளில் இருக்கும் அசுவினியும் வெண்மாவுப் பூச்சியும் கசியவிடும் இனிப்பு நீர். செவ்வரத்தைக் குருத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும் அந்தப் பூச்சியைச் சுற்றிக் கட்டெறும்பு நின்றால், அது அங்கே காவல் வேலை பார்க்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊரில் அதிகம் காணப்படும் பெரிய கட்டெறும்பு பெரும்பாலும் மண்ணில், மரத்தின் வேரடியில்தான் கூடு வைக்கிறது. அது சீனிப் போத்தலைத் தேடிக் குசினிக்குள் வந்தால் வீட்டு மரம் போய்விட்டது என்று தலையில் கை வைக்கத் தேவையில்லை. போத்தல் மூடியை இறுக்கி, மேசையைத் துடைத்து, அது நுழையும் வெடிப்பை அடைத்தால் போதும். மரத்துக்குள்ளிருந்து தூள் விழுந்தால்தான் கவலைப்பட வேண்டும். இரவில் வீடு அடங்கிய பிறகு நிலையில் காதை வைத்துக் கேளுங்கள். பெரிய கூடென்றால் மரத்தைத் தட்டிவிட்டவுடன் உள்ளே ஒரு சரசரப்பு எழும்பும். ஆபத்து என்று உணர்ந்தால் அவை தாடையாலும் பின்னுடலாலும் மரத்தில் அடித்து ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும்.

கறையானையும் இதையும் பிரித்தறிவதில்தான் சனம் அதிகம் தடுமாறுகிறது. மருந்துக்காரரின் பிழைப்பும் அந்தத் தடுமாற்றத்தில்தான் ஓடுகிறது. முதல் மழை விழுந்த மாலையில் லைற்றைச் சுற்றிப் பறந்து, இறக்கையை உதிர்த்துவிட்டு ஊரும் ஈசல் கறையானின் சாதி. அதற்கு இடுப்பு கிடையாது. உடல் ஒரே தடிப்பு. நான்கு இறக்கையும் ஒரே நீளம். மீசை நேராக, மணி கோத்தாற்போல இருக்கும். இறக்கை முளைத்த எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், மீசை முழங்கை மடித்ததாக இருக்கும், முன் இறக்கை பின் இறக்கையைவிட நீளம். சுவரில் மண் கோடு ஏறியிருந்தால் அது கறையான். எறும்பு மண் கோடு கட்டாது. கறையான் வந்திருந்தால் அதற்குரிய வைத்தியம் வேறு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, குடாநாட்டில் மரத்துக்கு முதல் எதிரி அதுதான். ஆனால் கறையானுக்கு நிலத்தில் போடும் மருந்து கதவு நிலைக்குள் இருக்கும் எறும்பை என்ன செய்யும்? அது நிலத்துக்கு வந்தால்தானே!

என் மருமகன் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். அவர் வீட்டு யன்னல் சட்டத்தில் இந்த எறும்பு வந்தபோது எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "மாமா, இங்கே இது பெரிய பிரச்சினை, வீட்டை விற்கும்போதுகூடக் கேட்கிறார்கள்" என்றார். உண்மைதான். அந்த நாட்டில் வீட்டின் எலும்புக்கூடே மரம். சுவர், தளம், கூரை எல்லாம் மரச் சட்டத்தில் நிற்கின்றன. பனி உருகி யன்னல் ஓரத்தில் ஊறினால் உள்ளே அழுகிவிடும். கம்போனோட்டஸ் பென்சில்வேனிக்கஸ் என்ற கறுப்பு இனம் அங்கே பேர்போனது. பனிக்காலத்தில் வீட்டுக்குள் அந்த எறும்பு நடமாடினால் கூடு வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று கண்டுகொள்வார்களாம், வெளியில் இருக்கும் கூடு அந்தக் குளிரில் உறங்கிவிடுமல்லவா. நமக்கு அந்தக் கணக்கு உதவாது, இங்கே எறும்புக்கு வருடம் முழுவதும் வேலை. நம் வீடு கல்லும் சீமெந்தும். மரம் நிலையிலும் கூரையிலும் மட்டும். அங்கே வரும் அளவுக்குப் பெரிய சேதம் இங்கே வராது. மருமகன் அந்தப் படத்தோடு, "ஊர் வீட்டுக்கும் மருந்து அடித்துவிடுங்கள், காசு அனுப்புகிறேன்" என்று எழுதினார். கூரையின் உள்மூலைப் பீலியை மாற்றக் காசு அனுப்பச் சொன்னேன். கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் அனுப்பினார்.

பீலியைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது. நமது ஓட்டு வீடுகளில் இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் உள்மூலையில் தகரப் பீலி ஒன்று போகும். அதற்குள் வேப்பம் சருகும் மாவிலையும் விழுந்து, மக்கி, மண்ணாகி, சில வீடுகளில் செடியே முளைத்து நிற்கும். மழைநீர் போக வழியில்லாமல் ஓட்டுக்குக் கீழே திரும்பி, ஓட்டைத் தாங்கும் கைமரத்தின் தலையிலும் சிலாகையிலும் இறங்கும். கீழே சீலிங் அடித்திருந்தால் யாருக்கும் தெரியாது. சீலிங்கில் மஞ்சள் கறை தோன்றும்போது மேலே மரம் பல மாரி ஊறியிருக்கும். குடாநாட்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது நனையாத கூரை எங்கள் பக்கத்தில் அருமை. மிச்சக் காலம் வெயில். அந்த வெயிலை நம்பித்தான் சனம் 'காய்ந்துவிடும்' என்று விட்டுவிடுகிறது. வெளிப்பக்கம் காயும், சுவருக்குள் செருகிய தலைப்பக்கம் காயாது.

பழைய வீடுகளில் வைரம் பாய்ந்த பனஞ்சிலாகையும் பனைக் கைமரமும் போட்டார்கள். நன்றாக முற்றிய பனையின் கறுப்பு வைரத்தில் இந்த எறும்பு வாய் வைத்ததை நான் கண்டதில்லை. இப்போது அவசரத்துக்கு முற்றாத பனையை அறுத்து விற்கிறார்கள். உள்ளே வெள்ளை நார்தான் இருக்கும். வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள், கறுப்பு எவ்வளவு தடிப்பு என்று விரலால் அளந்து பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்தது நிலையின் கால். புது வீடுகளில் டைல்ஸ் ஒட்டும்போது நிலையின் கால் தளத்துக்குள்ளே புதைந்துவிடுகிறது. தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற வீட்டில் அந்தக் காலுக்கு வருடம் முழுவதும் மாரி. மரத்தின் பக்கவாட்டைவிட வெட்டுமுகம் பல மடங்கு தண்ணீரை இழுக்கும். ஆகவே நிலையைத் தூக்கி நிறுத்துவதற்கு முன், கீழ் வெட்டுமுகத்துக்கும் சுவருக்குள் போகும் பக்கத்துக்கும் தார் அல்லது பிரைமர் இரண்டு பூச்சுப் பூசிக் காயவிட வேண்டும். எங்கள் அப்பா இதைச் செய்யாமல் ஒரு நிலையும் பட்டறையை விட்டு வெளியே போகவிட்டதில்லை. குளியலறையென்றால் நிலையைத் தளத்துக்கு மேல் ஒரு சிறு கருங்கல் துண்டின் மீது நிறுத்துங்கள். மேசனுக்கு அது கூடுதல் வேலை, முணுமுணுப்பார். நிலைக்கும் சுவருக்கும் இடையில் உள்ள வெளியைச் சாந்தால் முழுதாக நிரப்பச் சொல்லுங்கள். முன்புறம் மட்டும் பூசி மெழுகிவிட்டுப் போனால் உள்ளே இருக்கும் வெற்றிடம் எறும்புக்குக் கட்டிக் கொடுத்த வீடாகிவிடும்.

பான்ட்ரி கபேட் வந்த பிறகு இன்னொரு தலையிடி. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே அழுத்திய தூள்பலகையில் அலுமாரி அடித்துக் கொடுக்கிறார்கள். தொட்டியின் கழிவுக் குழாயில் ஒரு சொட்டுக் கசிந்தால் அந்தப் பலகை ஊதிவிடும். ஊதிய பலகைக்குப் பின்னால் இருட்டும் ஈரமும் கைக்கெட்டும் தூரத்தில் சீனிப் போத்தலும்! மாதத்தில் ஒரு நாள் தொட்டிக்குக் கீழே இருக்கும் சாமான்களை எடுத்துவிட்டு ரோர்ச் லைற் அடித்துப் பாருங்கள். அது போதும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கதை தனி. இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பாதவர்களின் வீடு, வருடத்துக்கொரு முறை திருவிழாவுக்கு வருபவர்களின் வீடு என்று எங்கள் ஒழுங்கையிலேயே பல இருக்கின்றன. நல்லூர்த் திருவிழாவுக்கு முன் வெளிச்சுவருக்குப் பெயின்ற் அடிக்கக் காசு வரும். ஒரு தேங்காய் விழுந்து உடைத்த ஓட்டை மாற்ற ஆள் ஏற்றுவதற்குக் காசு வராது. ஆவணியில் பார்க்கும்போது வீடு பளபளவென்று நிற்கும். ஐப்பசியில் அந்த உடைந்த ஓட்டால் தண்ணீர் இறங்கும். வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடம் ஒன்று கேட்கிறேன். வீடு பார்ப்பவரிடம் வாசல் படத்தைக் கேட்காதீர்கள். கூரையின் உட்பக்கத்தையும் குளியலறை நிலையின் அடியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வளவில் செய்ய வேண்டியது அதிகமில்லை. கூரையைத் தொடும் மாங்கிளையை வெட்டுங்கள். கறுத்தக்கொழும்பானை வெட்ட யாருக்கும் மனம் வராது என்று தெரியும், தொடும் கிளையை மட்டும் சொல்கிறேன். எறும்புக்கு அதுதான் பாலம். இப்போது வீட்டுக்கு வீடு இழுத்திருக்கும் இணையக் கம்பியும் பாலம்தான். அது சுவருக்குள் நுழையும் துளையைச் சீமெந்தாலோ சிலிக்கனாலோ அடையுங்கள். விறகைக் குசினிச் சுவரோடு சாய்த்து அடுக்காமல் தள்ளி, கல் வைத்து நிலத்திலிருந்து உயர்த்தி அடுக்குங்கள். பட்ட பூவரசங்கட்டையை வேலியோரம் போட்டு வைக்காதீர்கள், தாய்க்கூடு அங்கேதான் இருக்கும்.

தாய்க்கூடு என்று சொன்னேன். இது முக்கியம். இராணியும் முட்டையும் இருக்கும் கூட்டுக்கு ஈரம் வேண்டும். முட்டை காய்ந்தால் செத்துவிடும். கூட்டம் பெருத்தால் வளர்ந்த புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் கொண்டுபோய், காய்ந்த இடங்களில் கிளைக்கூடு போடும். நீங்கள் வீட்டுக்குள் காண்பது கிளைக்கூடாக இருக்கலாம். தாய்க்கூடு வெளியே மாமரப் பொந்தில் இருக்கலாம். அதனால்தான் கண்ணில் பட்ட எறும்புக்கு மேல் விசிறும் மருந்து பிரயோசனப்படுவதில்லை. வெளியே வருபவை கூட்டத்தில் சிறு பங்கு. அவை செத்தாலும் உள்ளே இராணி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். கோப்பாய் வீட்டில் நடந்ததுபோல, நெடி தாங்காமல் பக்கத்து யன்னலுக்கு இடம்பெயர்வதும் உண்டு.

கூட்டைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். பொழுதுபட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து, பனங்கட்டிக் கரைசலில் கொஞ்சத்தை ஒரு மூடியில் வைத்துவிட்டு ஒதுங்கி இருங்கள். சாப்பிட்ட எறும்பு வயிறு ஊதித் திரும்பும், அதைப் பின்தொடருங்கள். விளக்கை நேரே பிடிக்காமல் சிவப்புக் கடதாசி சுற்றிப் பிடித்தால் அவை கலையாது. கூடு எட்டும் இடத்தில் இருந்தால் அந்த மரத்துண்டை வெட்டி எடுத்து, சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் தட்டிவிடுங்கள். கைக்கு உறை போடுங்கள். இந்த எறும்புக்குக் கொடுக்கு இல்லை, ஆனால் கடித்த இடத்தில் போர்மிக் அமிலத்தைப் பீய்ச்சிவிடும், எரியும். வெள்ளை அரிசிமணி அளவில் கிடப்பதைச் சனம் முட்டை என்கிறது. அது கூட்டுப்புழு. அதை விட்டுவிட்டால் வேலை பாதியில் நின்றதாகிவிடும்.

கூடு எட்டாத இடத்தில் இருந்தால் இரை வைப்பதுதான் வழி. அரை லீற்றர் கொதித்து ஆறிய நீரில் 50 கிராம் சீனியும் 5 கிராம் பொரிக் அமிலமும் கரையுங்கள். கரம் பலகையில் தூவப் பொரிக் பவுடர் என்று விற்பதை வாங்கினால், உறையில் பொரிக் அமிலம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வேறு மாவை அடைத்தும் விற்கிறார்கள். பஞ்சில் நனைத்து, துளையிட்ட மூடிய டப்பாவில் எறும்பின் வழியில் வையுங்கள். மருந்தைக் கூட்டிப் போட்டால் சீக்கிரம் முடியும் என்று நினைக்க வேண்டாம். அளவு கூடினால் எறும்பு தொடாது, தொட்டாலும் வழியிலேயே செத்துவிடும். மெதுவாக வேலை செய்தால்தான் அது கூட்டுக்குக் கொண்டுபோய் மற்றவற்றுக்கும் இராணிக்கும் ஊட்டும். சில கிழமைகள் எடுக்கும். அந்த நாட்களில் பக்கத்தில் வேறு மருந்து விசிறக் கூடாது. இனிப்பைத் தொடாமல் போனால் கொஞ்சம் மீன் அல்லது முட்டை மஞ்சட்கருவோடு கலந்து பாருங்கள், அவற்றின் நாக்கும் காலத்துக்கொரு சுவை கேட்கும். டப்பா பிள்ளைகளுக்கும் நாய், கோழிக்கும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும், மேலே 'நஞ்சு' என்று எழுதி ஒட்டுங்கள்.

மஞ்சள் தூளும் மண்ணெண்ணெயும் பாதையைக் கொஞ்ச நேரம் கலைக்கும், அவ்வளவுதான். எறும்புச் சோக்கு இன்னும் மோசம். அதில் இருப்பது பூச்சிகொல்லி. சிறுபிள்ளை அதை எழுதும் சோக்கு என்று எடுத்து வாயில் வைத்துவிடும்.

இனி அந்தத் துளைபோட்டு ஊற்றும் வேலைக்கு வருகிறேன். நம் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மாரிக்கு மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் கிணறு. மேலே ஊற்றியது கல்லின் வெடிப்பு வழியே கீழே போகும். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நாம் கண்ணால் பார்த்தவர்கள், பவுசரில் வந்த தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள். அப்படியிருந்தும் கிணற்றடிச் சுவரோரம் பீடைகொல்லி இறக்குவதை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பழைய வாகன எண்ணெயை நிலையின் காலுக்குப் பூசும் பழக்கத்தையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன். அதுவும் கழுவிக் கழுவி அதே கிணற்றுக்குத்தான் போகிறது.

நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. பீடைகொல்லிகளைப் பதிவதற்கென்று ஒரு பதிவாளரும் இருக்கிறார். ஆகவே மருந்துக்காரர் வீட்டுக்கு வந்தால் என்ன மருந்து, அதன் பதிவு இலக்கம் என்ன, எவ்வளவு நீரில் எவ்வளவு கலக்கிறீர்கள், கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் போடுகிறீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பூச்சிக்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். 'எல்லாவற்றுக்கும்' என்று எழுதினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். போத்தலில் ஒட்டிய துண்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்பவர் கோபிக்க மாட்டார்; அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் எதிரியில்லை. பிரதேச சபைகளும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் டெங்குக்காக வீடு வீடாக வரும்போது பூச்சாடித் தட்டைப் பார்ப்பதுபோல, கிணற்றைச் சுற்றிப் புதிதாகத் துளை அடைத்த தடம் இருக்கிறதா என்றும் ஒரு கண் பார்க்கலாம்.

இக்கடிதத்தைப் புரட்டாதிக்குள் வெளியிட முடிந்தால் உபயோகமாக இருக்கும். ஐப்பசி பிறந்தால் ஓடு மாற்ற ஏறும் ஆட்களைப் பிடிக்க முடியாது, பிடித்தாலும் நனைந்த ஓட்டில் அவர்களை ஏற்றக் கூடாது.

இப்படிக்கு,
தச்சுத் தொழிலாளி ஒருவர்,
இணுவில்.